நீ சொன்னதில் பாதி

மாப்ள,

இன்று காலை டியூட்டிக்கு வந்து பூட்ஸ் அறைக் கதவைத் திறந்தேன். பச்சைத் தைல வாசனை மூக்கில் ஏறியது. மலையாளி ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து முட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தார். வாடகை பூட்ஸ்களைக் காயவைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊர்ப்பட்ட பேரின் வியர்வை வெந்து வரும் அந்த வாடைக்கு மேலே, நீ தினமும் முட்டியில் தேய்த்த அதே தைலம். அப்படியே நின்றுவிட்டேன். "எந்தா அண்ணா, சுகமில்லே?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஒன்றுமில்லை என்று சொல்வதற்கே இப்போதெல்லாம் அலுப்பாக இருக்கிறது.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. முதுகுளத்தூர்ப் பக்கம் உங்கள் ஊரில், லோடு ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு சீட்டில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று உன் தம்பி போனில் சொன்னான். நெஞ்சுவலியாம். முப்பத்தாறு வயசு. நான் அப்போது ஒரு பணக்காரச் சிறுமியின் காலில் ஸ்கீ கட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு அடுத்த காலுக்கும் மாட்டினேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்?

நம் வேலையை ஊரில் யாருக்கும் விளக்க முடிந்ததே இல்லை. துபாயில் ஒரு மால், மாலுக்குள் ஒரு மலை, மலை முழுக்கப் பனி, அதில் காசு கொடுத்து வழுக்கிக்கொண்டு வருகிறார்கள், நாங்கள் அவர்களை நாற்காலியில் ஏற்றி மேலே அனுப்புகிறோம் என்றால் எங்கள் அப்பா, "அது எதுக்கு?" என்றுதான் கேட்டார். நியாயமான கேள்வி. நீ உஷார். "பெரிய ஃப்ரிட்ஜுக்குள்ள வேல" என்று வீட்டில் சொல்லி முடித்துவிட்டாய். கறிக்கடைக்குக் கறி அடுக்குகிறான் போல என்று அவர்களும் நிம்மதியாக இருந்தார்கள்.

நீ கீழே, நான் மேலே. ஒரே லிஃப்டின் இரண்டு முனை. நீ ஏற்றிவிடுவாய், நான் இறக்கிவிடுவேன். எட்டு மணி நேரம் நம் இருவருக்கும் நடுவில் காலி நாற்காலியும் ஆள் உட்கார்ந்த நாற்காலியும் ஓடிக்கொண்டே இருக்கும். வாக்கி டாக்கியில் உன் குரல் வரும்: "பச்சக் கோட்டு போட்ட அம்மா வருது, கைய புடிச்சு எறக்கு, இல்லன்னா உன் மேலதான் விழும்." உள்ளே மைனஸ் இரண்டு, வெளியே நாற்பத்தைந்து. டியூட்டி முடிந்து கதவைத் தாண்டினால் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து குருடன் மாதிரி நிற்பேன். நீதான் என் தோளைப் பிடித்து கம்பெனி பஸ்ஸில் தள்ளுவாய்.

காலையில் மால் திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஸ்டாஃப் சறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் அந்த நேரத்தில் தூங்கினார்கள். நீ ஒரு நாளும் விட்டதில்லை. யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை. மாதக்கணக்கில் கீழே நின்று, இறங்கி வருகிறவர்களின் முட்டியை மட்டும் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டாய். "மூஞ்சிய பாக்காத மாப்ள. மூஞ்சி பொய் சொல்லும். முட்டி சொல்லாது" என்பாய். நீ இறங்கினால் பனியில் சத்தமே வராது. நான் இறங்கினால் தேங்காய் துருவுகிற சத்தம் வரும். அதை நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய், நானும் சிரித்திருக்கிறேன். உள்ளே எரியும்.

உன் கட்டிலுக்கு மேல் ஒட்டியிருந்த அந்த மேப். வெள்ளைக்காரப் பயிற்சியாளர் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது குப்பையில் போட்டது. மற்றவர்கள் கட்டிலுக்கு மேல் முருகன், நடிகை, பெண்டாட்டி பிள்ளை போட்டோ. உனக்கு மட்டும் ஆல்ப்ஸ் மலை. அதில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நூறு கோடுகள். கோட்டுக்குக் கோடு லிஃப்ட் நம்பர்.

"இங்க பாரு. காலைல இந்த ஊர்ல ஏறுனா, மலைக்கு மலை தாவி அஞ்சு ஊரப் பாத்துட்டு, கட்டைய கழட்டாமலே சாயங்காலம் திரும்பி வந்துரலாம். எல்லா மலையையும் கம்பி போட்டு இணைச்சு வச்சிருக்கான்."

"நமக்கு எதுக்குடா அது?"

"நம்மளுது நானூறு மீட்டரு. மூச்ச இழுத்து விடுறதுக்குள்ள சுவரு வந்துருது. ஒரு தடவயாச்சும் சுவரு வராம எறங்கிப் பாக்கணும்."

உன் விரல் பட்டுப் பட்டு நடு ஊரில் தாள் வெளுத்துப் போயிருந்தது. எல்லா ஊர் லிஃப்டும் அங்கேதான் வந்து சேரும் என்பாய். பார்க்காத ஊருக்கு வழி மனப்பாடமாகத் தெரிந்த ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அப்புறம்தான் அந்த அறிவிப்பு வந்தது. லிஃப்ட் ஸ்டாஃபில் ஒருவரை மட்டும் பயிற்சியாளர்களோடு சேர்த்து ஆல்ப்ஸுக்கு இரண்டு வாரம் அனுப்புகிறார்கள். திரும்பி வந்தால் பயிற்சியாளர் சட்டை, வேறு பேட்ஜ், நாள் முழுக்க ஒரே இடத்தில் விறைத்து நிற்கிற வேலை முடிந்தது. போகிற இடமும் உன் மேப்பில் இருந்த அதே மலை. நீ அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. சறுக்கிக் காட்டியதில் நீ முதல், நான் இரண்டாவது. இரண்டாவது என்றால் பக்கத்தில் கூட இல்லை. உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஊரே இருந்தது. பாக்கி இருந்தது ஒரு சின்ன இன்டர்வியூதான்.

உனக்கு இங்கிலீஷ் பேச வராது. இந்தியில் சமாளிக்கலாம் என்று பாகிஸ்தானி சூப்பர்வைசர் வருவதாகச் சொன்னார். நீ வேண்டாம் என்றாய். "நம்மாளு இருக்கான். டிப்ளமோ படிச்சவன். அவன் சொல்லட்டும்" என்று என்னைக் கைகாட்டினாய். மேனேஜரம்மா யோசித்தார். "இவரும் போட்டியில் இருக்கிறாரே" என்றார். அதை நான்தான் உனக்குச் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே, "அதனால என்ன?" என்றாய்.

மூன்று கேள்விகளுக்கு ஒழுங்காகத்தான் சொன்னேன். நான்காவதாக, "சரிவில் எப்போதாவது பயந்திருக்கிறாயா?" என்று கேட்டார். நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். நீ சொன்னது ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"தெனமும் பயம்தான். மேல போய் நின்னா ரெண்டு தடவ கட்டைய சரிபாப்பேன். அந்தப் பயம் இருக்குறதாலதான் முட்டி தானா மடங்குது. பயம் விட்டுப்போன அன்னைக்கு நானும் விழுவேன், எங்கூட வர்றவனையும் சேத்து விழவைப்பேன். அதனால பயத்த நான் கெட்டதா நெனைக்கலன்னு சொல்லு மாப்ள."

நான் மேனேஜரம்மாவைப் பார்த்து, "யெஸ் மேடம். ஹி இஸ் அஃப்ரெய்ட். எவ்ரி டே" என்றேன்.

அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்லவில்லை. மறந்துவிட்டேன், வார்த்தை கிடைக்கவில்லை என்றெல்லாம் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். எல்லா வார்த்தையும் தெரியும். வாய் திறந்துதான் இருந்தது, நிறுத்தியது நான். அவர் காகிதத்தில் ஏதோ எழுதினார். நீ என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாய், நன்றாகச் சொல்லிவிட்டாய் என்பது போல. இரண்டு நாள் கழித்து என் பெயர் வந்தது. நீ என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். "யாரு போனா என்ன, நடு ஊர மட்டும் பாத்துட்டு வந்துரு" என்றாய்.

அங்கே போய் நான் பட்ட பாட்டை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. முதல் நாளே மானம் போனது. நன்றாகத்தான் இறங்குகிறேன், திடீரென்று கால் தானாக நின்றுவிடுகிறது. மறுபடி கிளம்பினால் கொஞ்ச தூரத்தில் மறுபடி நிற்கிறது. "ஏன் நிற்கிறாய்? கீழே இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருக்கிறதே" என்று பயிற்சியாளர் கேட்கிறார். எனக்கே தெரியவில்லை. சாயங்காலம்தான் புரிந்தது: நானூறு மீட்டர் ஆனதும் நிற்கிறேன். இல்லாத சுவருக்குப் பயந்து என் கால் பிரேக் பிடிக்கிறது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீயாக இருந்தால் முதல் இறக்கத்திலேயே அந்தச் சுவரை மறந்திருப்பாய். அந்த நினைப்பு வந்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்காம் நாள் மதியம் எங்களைச் சுதந்திரமாக விட்டார்கள். ஒரே கண்டிஷன், ஆறு மணிக்கு ஹோட்டலில் தலை எண்ணுவார்கள். பாஸ்போர்ட் எல்லாம் மேனேஜர் கையில். கிளம்பும்போதே மிரட்டியிருந்தார்கள்: ஒரு தலை குறைந்தாலும் ஐரோப்பாவில் ஓடிப்போய்விட்டான் என்று துபாய்க்குத் தகவல் போகும், விசா கேன்சல், இனிமேல் லிஃப்ட் ஸ்டாஃபிலிருந்து ஒருத்தனையும் அனுப்பமாட்டோம்.

நான் உன் நடு ஊருக்குக் கிளம்பினேன். பாவத்தைக் கொஞ்சம் கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பேன். இரண்டு லிஃப்ட் மாறி ஒரு முகட்டுக்குப் போனபோது மேகம் இறங்கிவிட்டது. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. விழுந்தேன், எழுந்தேன். ஹோட்டலில் கொடுத்த மேப் பாக்கெட்டில் நனைந்து கூழாகிவிட்டது. அது நம் ஃப்ரிட்ஜ் பனி இல்லையே மாப்ள, மேலிருந்து ஈரமாகக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. மணி நான்கைத் தாண்டிவிட்டது. சரி, கீழே இறங்கினால் வீடு வந்துவிடும் என்று கண்ணில் பட்ட சரிவில் இறங்கினேன்.

நம்மைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு முட்டாள்தனம் பண்ணமாட்டார்கள். நம் மலையில் எந்தப் பக்கம் இறங்கினாலும் அதே கதவு, அதே லிஃப்ட், அதே நீ. கீழே என்றால் கிளம்பிய இடம் என்றுதான் என் உடம்புக்குத் தெரியும். மலைக்கு இரண்டு பக்கம் இருக்கும், தப்பான பக்கம் இறங்கினால் வேறு ஊர் வரும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. இறங்கி முடித்துப் பார்த்தால் தெரியாத ஊர், தெரியாத சர்ச், நின்றுபோன லிஃப்ட். காலி நாற்காலிகள் காற்றில் ஆடுகின்றன. ஆபரேட்டர் சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய், "ஒரே ஒரு தடவை மேலே அனுப்புங்கள், நானும் இதே வேலைதான் பார்க்கிறேன்" என்று கெஞ்சினேன். அவர் கடிகாரத்தைக் காட்டிக் கையை விரித்தார். நானும் எத்தனை பேருக்கு அப்படிக் கையை விரித்திருக்கிறேன்!

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போனை எடுத்தேன். மேனேஜருக்கு அடிக்கவில்லை. உனக்கு அடித்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது. நீ அப்போதுதான் டியூட்டி முடிந்து ரூமுக்கு வந்திருந்தாய்.

"மாப்ள, மாட்டிக்கிட்டேன்டா. வேற ஊர்ல எறங்கிட்டேன். லிஃப்ட மூடிட்டாங்க. ஆறு மணிக்குப் போகலன்னா ஓடிப்போயிட்டேன்னு எழுதிருவாங்க" என்று அழுதேன். ஆமாம், அழுதேன், நீ அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்தாய்.

"அழுவாத. பேலன்ஸ் தீந்துரும். லிஃப்டுல நம்பர் என்ன போட்டிருக்கு?"

"இருபத்தொன்னு."

கட்டில் கிறீச்சிட்டது கேட்டது. நீ ஏறி நின்று மேப்பைப் பார்க்கிறாய். "இருபத்தொன்னு... சரி. பக்கத்துல சர்ச்சு இருக்கா?"

"இருக்கு."

"சர்ச்சுக்குப் பின்னாடி சின்னதா பஸ்ஸு படம் போட்டிருக்கான். அதுலேருந்து புள்ளி புள்ளியா ஒரு கோடு மலைய சுத்தி உங்க ஊருக்கு வருது. கட்டைய கழட்டித் தோள்ல போடு. நிக்காத, நட. பேசிக்கிட்டே நட."

சர்ச்சுக்குப் பின்னால் சிவப்பு பஸ் ஒன்று இன்ஜினை உறுமவிட்டு நின்றது. ஏறினேன். மலையைச் சுற்றி முக்கால் மணி நேரம். ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஹோட்டல் வாசலில் நுழைந்தேன். பெயர் கூப்பிட்டார்கள், "யெஸ் சார்" என்றேன். தலை தப்பியது. நடு ஊரை நான் பார்க்கவில்லை. திரும்பி வந்து உன்னிடம் அதைச் சொன்னபோது, "போடா வெண்ண" என்று மட்டும் சொன்னாய். எனக்குச் சட்டை மாறியது. லிஃப்டின் மேல்முனைக்கு வேறு ஆள் வந்தார். நீ கீழ்முனையிலேயே நின்றாய்.

அப்புறம் சந்தை விழுந்தது, மாலில் கூட்டம் குறைந்தது, ஆள் குறைத்தார்கள். பட்டியலில் உன் பெயர் இருந்தது. பயிற்சியாளர் யார் பெயரும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் உன் ரூமில் பெட்டி கட்டினோம். அட்டைப்பெட்டிக்கு டேப் சுற்றி, நைலான் கயிற்றை நான்கு பக்கமும் இழுத்து முடிச்சுப் போட்டு, மார்க்கரால் உன் பெயரையும் மதுரை ஏர்போர்ட்டையும் ஆறு பக்கத்திலும் எழுதினோம். கயிற்றை நீ இழுக்க, நான் முட்டியால் பெட்டியை அமுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

"மாப்ள, அந்த இன்டர்வியூ அன்னைக்கு..."

"முடிச்சு வழுக்குது, வெரல வை" என்றாய்.

விரலை வைத்தேன். "இல்லடா, அன்னைக்கு நான் உன்..."

"தெரியும்டா." நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. "மூணு வருசமா தெனம் அந்தக் கூட்டத்த நாக்காலியில ஏத்துறேன். 'அஃப்ரெய்ட்'டுன்னா எனக்குத் தெரியாதா? கொழந்தைலருந்து கெழவி வரைக்கும் எங்கிட்ட வந்து மொதல்ல சொல்ற வார்த்தையே அதுதான். நான் அவ்வளவு நீளமா சொன்னேன், நீ அஞ்சாறு வார்த்தையில முடிச்சிட்ட. அப்பவே புரிஞ்சிருச்சு."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "அப்பறம் ஏன்டா அன்னைக்குப் போன்ல வழி சொன்ன? விட்டிருக்க வேண்டியதுதானே?"

"நீ அங்க நின்னு அழுதுகிட்டு இருந்த. வேற என்ன பண்ணச் சொல்ற?"

நீ என்னை அங்கேயே மாட்டிக்கொள்ள விட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நான் வாயெடுத்தேன். நீ கையை நீட்டித் தடுத்தாய்.

"மன்னிப்பு கின்னிப்புன்னு ஒன்னும் கேக்காத. நீ கேட்டா நான் குடுத்துருவேன். என் பொழப்பு அப்பிடி. அப்பறம் நீ நிம்மதியா தூங்குவ. நான் ஆட்டோ ஓட்டிக்கிட்டு இருப்பேன், நீ இங்க தூங்குவியா? அது நடக்காது மாப்ள."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். கோபமாகச் சொன்னாயா, விளையாட்டாகச் சொன்னாயா என்று எத்தனையோ தடவை அந்தச் சிரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். இரண்டும்தான் இருந்தது. ஏர்போர்ட்டில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாய், கையாட்டினாய், திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த லீவில் ஊருக்கு வந்து உன் வீட்டில் வைத்து, நீ தடுத்தாலும் கேட்டுவிடவேண்டும் என்று இருந்தேன். லீவு வர நான்கு மாதம் இருக்கும்போது உன் தம்பி போன் செய்தான்.

இப்போது எனக்கு ஒரு கூடுதல் வேலை சேர்ந்திருக்கிறது. தமிழ் ஆட்களுக்கு ஆபீஸில் ஏதாவது விசாரணை என்றால் பேச என்னைக் கூப்பிடுகிறார்கள். போன வியாழக்கிழமை கள்ளக்குறிச்சிக்காரர் ஒருவரை உட்காரவைத்திருந்தார்கள். மூன்று நாள் டியூட்டிக்கு வரவில்லை, ஏன் என்று கேட்டார்கள். அவர் பெண்டாட்டிக்குக் குறைப்பிரசவம் ஆனதில் ஆரம்பித்து, போன் கிடைக்காததைச் சொல்லி, கட்டிலில் இருந்து எழுந்திருக்கவே மனசு வரவில்லை என்பதைச் சொல்லி, நடுவில் கொஞ்சம் அழுது, பத்து நிமிஷம் பேசினார். ஆபீசர் என்னைப் பார்த்து, "சுருக்கமாக என்ன சொல்கிறார்?" என்றார்.

"சுருக்கமாக இல்லை சார்" என்றேன். குறைப்பிரசவத்தையும் சொன்னேன், போனையும் சொன்னேன், கட்டிலையும் சொன்னேன். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். "அவர் சொல்ல இன்னும் இருக்கிறது" என்று மேலும் சொன்னேன். அவரை வேலையில் வைத்தார்களா என்றால், இல்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்தையும் சொல்லிட்டண்ணே, அது போதும்" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதை வைத்து நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உனக்கு இதனால் சல்லிக்காசுக்குப் பிரயோசனம் இல்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் முழுசாகச் சொல்கிறேன், உனக்குத்தான் பாதி சொன்னேன்.

இவ்வளவு எழுதிவிட்டு, அந்த ஒரு வார்த்தையையும் கடைசியில் எழுதிவிடலாமா என்று பேனா துடிக்கிறது. இனிமேல் நீ கொடுக்கமுடியாது, அதனால் கேட்டாலும் எனக்குத் தூக்கம் வந்துவிடாது. ஆனாலும் கேட்கவில்லை மாப்ள. நீ கேட்காதே என்றாய்.